ஒன்பது பவுன்

விவாகரத்து வக்கீலை முதன்முதலாகப் பார்க்கப் போவதற்கு, பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தயாரானேன். பாகூர் கடையில் நாற்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று ராத்திரி உட்கார்ந்து என் மனைவியின் குற்றங்களை நம்பர் போட்டு எழுதினேன். இருபத்து மூன்று தேறியது. அம்மாவை எதிர்த்துப் பேசியது, தீபாவளிக்கு வராதது, போனை எடுக்காதது. கடைசிக் குற்றத்துக்கு அடிக்கோடு போட்டேன்: காரணமில்லாமல் வில்லியனூர் தாய்வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

காரணம் எனக்குத் தெரியும்.

புதுச்சேரியில் அந்த வக்கீலம்மா நோட்டைப் பிரிக்கவேயில்லை. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், சம்பள ரசீது, பாஸ்புக் கேட்டார். பத்திரிகை மட்டும்தான் இருந்தது. இருவருக்கும் சம்மதம் என்றால், ஓராண்டு பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். சண்டை போட்டால் ஜீவனாம்சம் வரும். உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புப்படி வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்.

வக்கீல் வைக்க அவளிடம் காசில்லை என்பது என் கணக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று அவர் சொன்னபோது அந்தக் கணக்கும் போனது.

"அவங்க நகை யாருகிட்ட இருக்கு?"

"அவகிட்டதான் மேடம்."

"என்கிட்ட மறைச்சீங்கன்னா, கோர்ட்டுல எதிர்த்தரப்பு சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

அப்புறம்தான் சொன்னேன். போர்வெல் ஆழப்படுத்தணும் என்று அவளுடைய ஒன்பது பவுனை வாங்கி அடகு வைத்தேன். போர்வெல்லுக்குப் போனது கொஞ்சம். மீதியெல்லாம் செல்போன் ரம்மியில் போனது. வட்டி கட்டவில்லை. ஏல நோட்டீஸ் வந்தது. நெல் மூட்டைக்கு அடியில் ஒளித்தேன். தம்பி கல்யாணத்துக்கு ஆரம் கேட்டாள். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தேன். அவளே அடகுக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். சத்தம் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தாய்வீட்டு நகை மனைவிக்கே சொந்தம். கணவன் நெருக்கடியில் எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். என்னுடையது நெருக்கடிகூட இல்லை.

பிரமாணப் பத்திரத்தில் ஒன்பது பவுனும் ஏறிவிட்டது. கட்டம் போட்டுக் கேட்டதால் எழுதினேன். மனசு மாறி எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். வக்கீலுக்குத் தெரியும், நாளைக்கு நீதிபதிக்கும் தெரியும். அவளுக்குச் சொன்னது அடகுக் கடைக்காரர். நான் இன்னும் சொல்லவில்லை.