ஸாரி சொல்லாத கம்ப்யூட்டர்!

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா பழநியில் மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன். போட்டாச்சு. அதிலிருந்து பஸ் கண்டக்டர்களுக்கு எல்லாம் நான் 'தம்பி'தான். ''அண்ணே, ஒரு காலேஜ் ஸ்டாப்''னு வாயைத் திறந்ததும், ''அடடா, பாப்பாவா! ஸாரிம்மா'' என்பார்கள். மேட்டர் ஓவர்!

ஆனா, என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஸாரி சொல்லலை பாஸ்!

முகத்தைப் பார்த்து ஆணா, பெண்ணானு கம்ப்யூட்டரே சொல்லணும்... அதான் ப்ராஜெக்ட். கிளாஸ் முன்னாடி ட்ரையல். கேமரா எதிரே நான். 'ஆண், 94 சதவிகிதம்' என்றது ஸ்கிரீன். ஒரே விசில்! நானும் சிரிச்சேன். ஹாஸ்டல் ரூமுக்கு வந்துதான் அழுதேன்.

அன்னிக்கு ராத்திரியே என் பழைய ரெட்டை ஜடை போட்டோவைக் கொடுத்துப் பார்த்தேன். 'பெண்' என்றது. அதே மூக்கு, அதே கறுப்பு. மாறினது முடி மட்டும்தான். அதுக்குப் பெண்ணுன்னா யாருன்னே தெரியாது. நாம காட்டின போட்டோக்களில் பெண்கள் எப்படி இருந்தாங்களோ, அதுதான் தெரியும். நான் காட்டினதில் கிராப் வெச்ச பொண்ணு ஒருத்திகூட இல்லை. தப்பு என்னோடது!

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கு. 2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண்கள், ஆறு நாட்டு எம்.பி-க்கள் 1,270 பேரின் முகங்களைக் கொடுத்து மூன்று கம்பெனிகளின் புரோகிராம்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தப்பு 1 சதவிகிதம்கூட இல்லை. கறுப்பு நிறப் பெண்களிடம் 34.7 சதவிகிதம் வரை!

''போட்டோவை மாத்திடும்மா, எக்ஸ்டர்னல் முன்னாடி மானம் போயிடும்'' என்றார் கைடு. மாத்தத்தான் நினைச்சேன். ஆனா, எனக்கு முடி வளர்ந்துடும். திருநங்கைகளுக்கு? தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டுனு 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. என் புரோகிராமில் இருப்பதோ ரெண்டே கட்டம். யாரையும் அது கேட்கிறதே இல்லை.

வைவா அன்னிக்கு முதல் ஸ்லைடே என் மொட்டைத் தலைதான்!

''இதுக்கு என்னம்மா தீர்வு?'' என்றார் எக்ஸ்டர்னல்.

''சம்பந்தப்பட்டவங்க சொன்னா, கேட்டுக்கணும் சார். எங்க ஊர் கண்டக்டருக்கு அது தெரியும்!''

மார்க் இன்னும் வரலை. முடி காது வரைக்கும் வந்தாச்சு!