திருஷ்டி கழித்தல்

தில்லி மாநகரில் மார்கழி, தை மாதங்களில் ஆகாய விமானம் ஏறப் போகிறவர்கள் பிரயாணச் சீட்டோடு கொஞ்சம் பொறுமையையும் கொண்டு போவது நலம். சென்ற குளிர்காலத்தில் நாமும் அங்கே காத்துக் கிடந்தோம். கண்ணாடிக்கு அப்பால் ஒரு விமானத்தின் வால் நன்றாகவே தெரிந்தது. "நம் கண்ணுக்குத் தெரிகிறது, இவர்களுடைய யந்திரத்துக்கு மட்டும் தெரியவில்லையாம்!" என்று பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் கடிந்து கொண்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நூற்றுக்கணக்கான உயிர்கள் தரையிறங்குவதா, வேறு ஊருக்குத் திரும்புவதா என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறதென்றால், அந்த எண்ணை நம்பலாமா?

முன்னெல்லாம் ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு மனிதர் நின்று, எத்தனை விளக்குகள் தெரிகின்றன என்று எண்ணிச் சொல்லுவார். இப்பொழுது ஒரு கம்பத்தில் விளக்கு. சில பத்து மீட்டர் தள்ளி மற்றொரு கம்பத்தில் அதை நோக்கும் செயற்கைக் கண். இடையிலுள்ள பனி எவ்வளவு ஒளியை விழுங்கிவிட்டது என்பதிலிருந்து விமானிக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கணக்கிடுகிறார்கள். தில்லியின் மிக நீண்ட ஓடுபாதை 4,430 மீட்டர். அதன் ஒரு முனையில் வெயிலும் மறு முனையில் பனியும் இருக்கக்கூடும். ஆகையால் இறங்குமிடம், நடு, கோடி என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டியிருக்கிறது. சாதாரண முறையில் இறங்க 550 மீட்டர் வேண்டும். தகுந்த கருவிகளும் பயிற்சியும் உள்ளவர்கள் தில்லியில் 50 மீட்டரிலும் இறங்கலாம். ஐம்பது மீட்டர் என்பது ஒரு பெரிய விமானத்தின் நீளத்தைக் கூட எட்டாது!

இந்தக் கண்ணுக்கும் நோய் உண்டு. கண்ணாடியில் தூசி படிந்தால் அதையும் பனியென்றே யந்திரம் எண்ணிக் கொள்ளும். அதனால் விமானம் தாமதமாகும், பணம் போகும், உயிர் போகாது. ஆனால் வேறொரு வகை யந்திரம் இருக்கிறது. அது காற்றில் சிறிதளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பனித்துளிகள் சிதறடிக்கும் ஒளியை அளக்கிறது. அதன் கண்ணில் அழுக்குப் படிந்தாலோ சிதறிய ஒளி உள்ளே வராது. "ஆகாயம் நிர்மலம்" என்று அது பொய் சாட்சி சொல்லிவிடும். இது அபாயமான பொய். இக்காலத்து யந்திரங்கள் தம் கண்ணாடி அழுக்கைத் தாமே கண்டு திருத்திக் கொள்கின்றன என்பது மெய். எனினும் துடைக்கும் துணிக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை.

யந்திரம் மெய்யே சொன்னாலும், அது தரைக்குச் சற்று மேலே, சென்ற ஒரு நிமிஷத்தின் சராசரியைத்தான் சொல்கிறது. விமானியோ மேலிருந்து சாய்வாக வருகிறார். ஆதலால் சாதாரண முறையில், குறித்த உயரத்துக்கு வந்தும் விளக்குகள் கண்ணில் படாவிட்டால், எண் என்ன சொன்னாலும் அவர் மேலே எழும்பியாக வேண்டும்.

வெளிநாடுகளிலிருந்து விலைக்கு வாங்கி வந்த இக்கருவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆராய்ச்சிசாலையார் நம் நாட்டிலேயே செய்து, தில்லி முதலிய இடங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். சுதேசிக் கருவி என்பதில் நமக்கு அளவிலா மகிழ்ச்சி. அதற்கு 'திருஷ்டி' என்று பெயர். வடக்கே அது பார்வை. நம் வீடுகளிலோ பூசணிக்காய் உடைத்துக் கழிக்க வேண்டிய சமாசாரம்! நிறுத்தும் நாளில் மாலைக்கும் சொற்பொழிவுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கைக் கண்ணாடி துடைக்கும் தொழிலாளிக்கும், அளவு சரிபார்க்கும் நிபுணருக்கும் ஒதுக்கி, அவர்கள் வந்து போன தேதிகளை அதிகாரிகள் வெளியிட்டால், இந்தத் திருஷ்டியைக் கழிக்கப் பூசணிக்காய் தேவைப்படாது.