நாற்பத்தைந்து வயதில் ஓடினேன்!

"ஏன்டியம்மா, நாப்பத்தஞ்சு வயசுல ஓடப் போறியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆரம்பித்தவள் இல்லை நான். மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. "5.7க்கு மேல போனாலே எச்சரிக்கைதான். 6.5 ஆனா சர்க்கரை நோய். இப்பவே உடம்பை அசைங்க" என்றார் டாக்டரம்மா. என் அம்மாவுக்கு சர்க்கரையால் ஒரு காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று நான்தான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காலை மறக்க முடியுமா?

கோயமுத்தூரில் படிக்கும் என் மகள் செல்போனில் ஒரு திட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். 1996ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பது வயதைக் கடந்த தன் அம்மாவுக்காக வகுத்ததாம். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைத்துவிடும். முதல் வாரத்துக்கு மூன்று நாள்தான். ஐந்து நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று எட்டுத் தடவை.

"ஒரு நிமிஷம்தானே!" என்று அலட்சியமாக நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு, சுடிதாரும் புது ஷூவுமாக குமராட்சி வாய்க்கால் கரைக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் டார்ச் லைட்டோடு பின்னால் வந்தார். மூன்றாவது தடவையிலேயே மூச்சு வாங்கி, அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து பால்காரத் தம்பி, "என்னக்கா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்றானே பார்க்கணும்! அத்தோடு வீடு திரும்பிவிட்டேன். மறுநாள் கெண்டைக்கால் வலியில் குத்துக்காலிட்டுக் கோலம் போட முடியவில்லை. இனி வேண்டாம் என்றே முடிவு செய்தேன்.

அன்று இரவு மகள் போனில் சொன்னாள்: "அம்மா, நீ பஸ் பிடிக்கிற மாதிரி ஓடியிருக்கே. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுதான் சரியான வேகம்."

புதன்கிழமை, வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சமே கூடுதலாக, சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடினேன். இவரோடு மளிகைக் கணக்குப் பேசிக்கொண்டே ஆறு தடவை முடித்தேன். வெள்ளிக்கிழமை எட்டும் முடிந்தது! மொத்தம் எட்டே நிமிட ஓட்டம்தான். ஆனாலும் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

சென்னையில் மா. சுப்பிரமணியன் அவர்கள் விபத்தில் காலில் அடிபட்ட பிறகும் நூறுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள், ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர், ஓடியிருக்கிறார். அவ்வளவு தூரம் நமக்கு வேண்டாம். நம் காலை நாம் காப்பாற்றிக்கொண்டால் போதும்.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. இருதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது. செருப்போடு ஓடாதீர்கள். உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை அவசியம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டு வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

என் சர்க்கரை குறைந்ததா? ஒரு வாரத்தில் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை நான் ஷூ மாட்டும்போது, மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

"நீ போயிட்டு வாம்மா. பாலை நான் பாத்துக்கறேன்."