சிராங்கூன் ஆற்றங்கரையில் ஓர் இடர்க் கணக்கு

சிராங்கூன் ஆற்றின் கிழக்குக் கரையில், லோரோங் ஹாலுஸ் என்னும் இடத்தில், 1970 முதல் 1999 மார்ச் 31 வரை சிங்கப்பூரின் குப்பை கொட்டப்பட்டது. ஏறத்தாழ 234 ஹெக்டர் பரப்புள்ள அந்நிலத்தில் வீட்டுக் குப்பையோடு எரிக்க இயலாத தொழிற்கூடக் கழிவும் சேர்ந்தே புதைந்தது. அக்காலத்தில் அதன் பக்கத்தில் ஓடிய ஆறு, கடலின் ஏற்றவற்றத்துக்கேற்ப உப்புநீரும் நன்னீரும் கலந்து ஜொகூர் நீரிணையில் சேரும் கழிமுகமாக இருந்தது. ஆகவே குப்பைமேட்டிலிருந்து வடியும் நீர் பற்றிய கேள்வி, மீன்களையும் சதுப்பையும் பற்றிய கேள்வியாகவே நின்றது. 2011இல் அந்த ஆற்றுமுகம் அணையிட்டு மூடப்பட்டுச் சிராங்கூன் நீர்த்தேக்கம் உருவானது. மண்ணுக்கடியில் கிடந்த கழிவு கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆயினும் இடர் மதிப்பீட்டாளரின் ஏட்டில் அது முற்றிலும் வேறொரு நிலமாகிவிட்டது, ஏனெனில் அங்கிருந்து கசிவது எதுவாயினும் இனி அது குடிநீரைச் சென்றடையக்கூடும்.

தொழிற்கழிவுச் சேமிப்பிடங்களை மதிப்பிடும் தொழிலின் அடிப்படை இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளுக்குக் கெடுதல் செய்யும் ஆற்றல் இயல்பாகவே இருப்பதைத் தீங்கு என்றும், அந்த ஆற்றல் ஓர் உயிரை எட்டுவதற்கான வாய்ப்பையும் எட்டினால் விளையும் கேட்டின் அளவையும் சேர்த்து இடர் என்றும் இத்துறையினர் பிரித்துக்கொள்கின்றனர். இடர் உண்டாக மூன்று உறுப்புகள் வேண்டும்: நச்சு இருக்கும் மூலம், அது பயணம் செய்யும் வழி, அதைப் பெறும் மனிதரோ நீர்நிலையோ பயிரோ ஆகிய ஏற்பி. மூன்றில் ஒன்று அறுபட்டாலும் இடர் இல்லை. இது பாடநூலின் முதற்பக்கத்துச் செய்திதான். ஆனால் மூலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகவும் ஏற்பியைப் பற்றி இரண்டே பத்திகளிலும் எழுதி முடிப்பது இத்துறை அறிக்கைகளின் பழைய நோய். மூலத்தை ஆய்வகம் அளந்து தந்துவிடும்; வழியையும் ஏற்பியையும் மதிப்பீட்டாளரே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே அதற்குக் காரணம் எனலாம்.

லோரோங் ஹாலுஸில் அறுக்கப்பட்டது வழி. நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரை நெடுகிலும் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு, 6 முதல் 18 மீட்டர் வரை ஆழமுள்ள தடுப்புச் சுவர் ஒன்று நிலத்துக்குள் எழுப்பப்பட்டது. ஆழம் ஒரே அளவாக இல்லாததற்கு, இத்தகைய சுவர் வேலை செய்யும் முறையே விளக்கம்: அது கீழே நீர் புகாத களிமண் அடுக்கில் ஊன்றி நின்றால்தான் பயன் தரும், அந்த அடுக்கோ இடத்துக்கு இடம் மேலும் கீழுமாகப் படிந்திருக்கும். நல்ல களிமண்ணில் நீர் வினாடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு வேகத்தில் நகரும் என்று கொண்டால், ஆண்டு முழுவதும் அது கடப்பது மூன்று சென்டிமீட்டர் அளவே. ஆனால் சுவர் மட்டும் விடையாகிவிடாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேட்டுக்குள் இறங்கும் மழைநீர் கழிவில் கரையக்கூடியவற்றைக் கரைத்துக்கொண்டு கசிவுநீராகிறது. அதைத் தடுத்து நிறுத்தினால் சுவருக்குப் பின்னே மட்டம் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் சுவரைச் சுற்றியோ அடியிலோ வேறு வழி தேடும். ஆகவே நீரைத் தடுப்பதோடு இறைத்து வெளியேற்றவும் வேண்டும். அவ்வாறு திரட்டப்படும் நீரை நாணற்படுகைகளிலும் குளங்களிலும் செலுத்திச் சுத்திகரிப்பதற்காகவே பொதுப் பயனீட்டுக் கழகம் அங்கே ஈரநிலத்தை அமைத்தது. பொங்கோலிலிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்து மிதிவண்டியில் வருவோர் காணும் நாணலும் தாமரையும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்புகள். அங்குள்ள வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கசிவுநீரின் அம்மோனியாவைச் சிதைக்கும் வேலையைச் செய்கின்றன.

மதிப்பீட்டாளரின் வேலை ஏடுகளிலிருந்து தொடங்குகிறது. எந்த ஆண்டில் யார் எதைக் கொட்டினார்கள், நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது, பழைய வரைபடத்தில் ஓடை எங்கே ஓடியது என்பவற்றைத் துளை போடுவதற்கு முன்பே அறிய வேண்டும். நிலம் தன் பழைய தொழிலை மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருப்பதில்லை: இன்று நகைக்கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த சிராங்கூன் சாலைப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் மாட்டுத் தொழுவங்களும் இருந்தன என்பதை அங்கே நடப்பவர் தரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏட்டில் இருப்பது மட்டும் போதுவதுமில்லை. கழிவுப் பதிவேடுகள் எடையைச் சொல்லும், வேதியியலைச் சொல்லா. 'கலப்புக் கழிவு' என்ற இரண்டு சொல்லுக்குள் வண்ணப்பூச்சுக் கசடும் கரைப்பானும் பழைய மின்கலமும் ஒளிந்திருக்கும். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் கைகாட்டும் மூலை, பல வேளைகளில் பதிவேட்டைவிட நம்பகமான சான்றாக அமைகிறது.

அதன் பிறகே துளையிடுதலும் கண்காணிப்புக் கிணறுகளும் வருகின்றன. மேட்டுக்கு நீரோட்டத்தின் மேற்புறத்தில் ஒரு கிணறேனும், கீழ்ப்புறத்தில் பலவும் தோண்டி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டு கசிவை அறிவது பொதுவான முறை. ஆனால் நிலத்தடி நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதே கடலோர நிலத்தில் நாளுக்கு இருமுறை மாறக்கூடிய செய்தி. ஏற்றத்தில் நீர் உள்நோக்கித் தள்ளப்படும்போது எடுத்த மாதிரி, வற்றத்தில் எடுத்ததிலிருந்து வேறுபடும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் டிசம்பரில் எடுத்த நீர் நீர்த்துப்போயிருக்கும், அல்லது அதற்கு மாறாக அதுவரை வறண்டு கிடந்த அடுக்குகளை மழை கழுவிக் கொணர்ந்திருக்கும். இரண்டில் எது நேர்ந்தது என்பதை ஒரே ஒரு மாதிரி சொல்லாது. கிணற்றின் வடிகுழாய் எந்த ஆழத்தில் திறந்திருக்கிறது என்பதும் விடையை மாற்றும்: நீரைவிடக் கனமான குளோரின் கரைப்பான்கள் களிமண் தடுக்கும் வரை கீழே இறங்கும், டீசல் போன்றவை மேலே மிதக்கும்.

ஆய்வக அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று வரும் சொல்லைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கண்டறிதல் எல்லை உண்டு. அதற்குக் கீழே பொருள் இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. அந்த எல்லையே பாதுகாப்பு வரம்பைவிட உயர்ந்து நின்றால், 'கண்டறியப்படவில்லை' என்பது எதையும் உறுதி செய்யாத விடை. அதைச் சுழியமாகக் கொண்டு சராசரி போடுவது இத்தொழிலில் அடிக்கடி நிகழும் பிழைகளில் ஒன்று. எல்லையின் பாதியையோ முழு எல்லையையோ இட்டுக் கணக்கிட்டு, எதை இட்டது என்பதையும் எழுதிவைப்பதே நேர்மையான வழி.

கழிவு திடப்பொருளாக இருக்கும்போது, அதிலிருந்து எவ்வளவு கரைந்து வரும் என்பதைச் சோதிக்க ஒரு கரைப்புச் சோதனை உண்டு. கழிவைப் போல இருபது மடங்கு எடையுள்ள, அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் அதை இட்டு ஏறக்குறைய 18 மணி நேரம் சுழற்றி, வடிகட்டிய நீரில் உள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் பிறவற்றையும் அளப்பர். அழுகும் வீட்டுக் குப்பையோடு கலந்து கிடந்தால் கழிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் போலச் செய்வதே அச்சோதனையின் நோக்கம். சிங்கப்பூரின் புலாவ் செமக்காவில் நிலைமை வேறு. 1999 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தக் கடல் நிலநிரப்பு, 7 கிலோமீட்டர் நீளக் கரையால் சூழப்பட்டு, நீர் புகாத விரிப்பும் கடற்களிமண்ணும் உள்ளே போர்த்தப்பட்டு, பெரும்பாலும் எரியுலைச் சாம்பலையே பெறுகிறது. அழுகும் குப்பை அங்கே அரிது. சாம்பலோ காரத்தன்மை மிக்கது. ஈயம் அமிலத்தில் கரைவதைப்போல மிகுந்த காரத்திலும் கரையும். ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் அமிலச் சோதனையில் அடங்கிக் கிடந்து கார நிலையில் வெளிப்படக்கூடும். ஆகவே சோதனையில் தேறிய சாம்பல் தீங்கற்றது என்று எழுதுவதைவிட, எந்த நிலையில் சோதிக்கப்பட்டது, எந்த நிலையில் கிடக்கப்போகிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவது படிப்பவருக்குப் பயன்படும்.

உடல்நலக் கணக்கு எளிமையான பெருக்கலும் வகுத்தலுமே. அதன் எளிமையே அதன் கண்ணி. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2003இல் பாதரசம் கலந்த கழிவில் ஏறத்தாழ 290 டன் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பின்னும், தொழிற்சாலை மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்ற வழக்காடல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு அதன் நடுவில் நின்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழக்கமான ஊகப்படி, 15 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணைக் கையோடும் பொம்மையோடும் விழுங்குகிறது. அம்மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருந்தால், குழந்தை பெறுவது நாளுக்கு 0.004 மில்லிகிராம், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.00027 மில்லிகிராம். கரையும் கனிமப் பாதரச உப்புக்கு வாழ்நாள் முழுதும் தாங்கத்தக்கதாக அதே முகமை வைத்த அளவு 0.0003. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.9 வரும், ஒன்றுக்குக் கீழே இருப்பதால் தேர்ச்சி.

ஆனால் இக்கணக்கின் ஏற்பி, மண்ணைத் தின்னும் குழந்தை மட்டுமே. தொழிற்சாலை நிற்பதோ பாம்பார் சோலையின் விளிம்பில். அங்கிருந்து நீர் மலையிறங்கி கும்பக்கரைப் பக்கம் செல்கிறது. ஓடைப் படிவில் தங்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்து, பெரிய மீனில் மேலும் திரண்டு, மீனை உண்பவரை அடையும். ஜப்பானின் மினமாட்டா வளைகுடா மக்களை மெத்தில் பாதரசம் எட்டியதும் மீன் வழியாகவே. அந்த வழிக்கு மண்ணில் 20 என்னும் எண் எதையும் சொல்வதில்லை. எனவே எண் தவறா சரியா என்று வாதிடுவதற்கு முன், எந்தக் கேள்விக்கான விடையாக அந்த எண் கிடைத்தது என்று கேட்பது மதிப்பீட்டாளரின் கடமை. பொதுமக்களும் வல்லுநர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போகும் இடம் பெரும்பாலும் இதுதான், அதில் பொதுமக்கள் பக்கம் நியாயம் இருப்பதும் குறைவன்று.

இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற, ஒரு லட்சம் டன்னுக்கும் மிகுந்த குரோமியக் கழிவுக் குவியலில் வேறொரு பாடம் உண்டு. மூவிணைதிறக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரிதும் அசையாது. அறுவிணைதிறக் குரோமியம் மஞ்சள் நிறத்தோடு நீரில் கரைந்து ஓடும், புற்றையும் உண்டாக்கும். மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணை மட்டும் தரும் அறிக்கை, அவ்விடத்தைப் பொறுத்தவரை எதையும் மதிப்பிடாத அறிக்கையே.

இடத்தில் புதைந்த கழிவுக்கு ஆண்டுகள் கணக்கு. கொள்கலன்களில் காத்திருக்கும் கழிவுக்கு நிமிடங்கள் கணக்கு. சிங்கப்பூரில் 1988ஆம் ஆண்டின் நச்சுத் தொழிற்கழிவு விதிமுறைகளின்கீழ் உரிமம் பெற்றவர்களே இத்தகைய கழிவைத் திரட்டிச் சேமிக்கலாம். 2017 பிப்ரவரியில் துவாஸில் கழிவு பதப்படுத்தும் வளாகம் ஒன்றில் பெருந்தீ மூண்டது. நூற்றுக்கணக்கான தீயணைப்பாளர்கள் அதை அணைக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் எதன் அருகே எது வைக்கப்படுகிறது என்பதே முதற்கேள்வி: அமிலக் கழிவும் சயனைடுக் கழிவும் ஒரே வடிகாலில் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். தீயை அணைக்கக் கொட்டிய நீர் எங்கே போய் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. அதைத் தாங்கும் தொட்டி இல்லாத கிடங்கில் தீயணைப்பே மாசைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் வழியாகிவிடும்.

நிலத்தைக் குத்தகைக்குத் தரும் ஜேடிசி நிறுவனம், மாசுபடுத்தக்கூடிய தொழில்களிடம் குத்தகைத் தொடக்கத்திலும் முடிவிலும் மண், நிலத்தடி நீர் ஆகியவற்றின் நிலையை ஆய்ந்து தருமாறு கேட்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, கூடுதலாகச் சேர்ந்த மாசைக் குத்தகைதாரரே நீக்க வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான், இருப்பினும் தொடக்க ஆய்வில் தேடப்படாத பொருளுக்கு முடிவில் ஒப்பீடு கிடையாது. தீயணைப்பு நுரையில் பல்லாண்டுகள் பயன்பட்ட, இயற்கையில் எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள் அத்தகையவை: இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தொடக்க ஆய்வுகளின் பட்டியலில் அவற்றைத் தேடினால் பெரும்பாலும் காணக்கிடைப்பதில்லை. அவை இன்று மண்ணில் அகப்பட்டால், யார் காலத்தில் சேர்ந்தவை என்பதைச் சொல்ல ஏடு இல்லை. ஆகையால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர், தொடக்க ஆய்வின்போது கேட்கப்பட்ட பொருள்களை அளப்பதோடு நில்லாமல், எடுத்த மண்ணிலும் நீரிலும் ஒரு பங்கை உறைநிலையில் முத்திரையிட்டுப் பாதுகாக்குமாறு உரிமையாளரிடம் வற்புறுத்துகிறார். அதற்கான செலவு சிறிது. ஆயினும் ஒப்பந்தத்தில் முதலில் அடித்துவிடப்படும் வரி பெரும்பாலும் அதுவே.