குலுக்கல் பெட்டியில் அப்பாவின் நம்பர்

சில வருஷங்களுக்கு முன்பு, ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கத் தருமபுரிக்குப் போயிருந்தோம். கடை வாசலில் குலுக்கல் பெட்டி. முதல் பரிசு பைக். எங்கள் பில்லுக்கு நான்கு கூப்பன் கொடுத்தார்கள். என்னுடைய நம்பர், மனைவியுடையது, தங்கையுடையது, கடைசியில் பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுடையது என்று நான்கையும் எழுதிப் போட்டேன். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. படிக்கவில்லை.

பைக் வரவில்லை. போன்தான் வந்தது. வீட்டுமனை, லோன், இன்சூரன்ஸ் என்று நான்கு பேருக்கும் வந்தது. நாங்கள் மூவரும் திட்டிவிட்டு வைத்துவிடுவோம். அப்பா அப்படியில்லை. தக்காளி போட்டவருக்கு மண்டிக்காரரின் போன் முக்கியம். மணி அடித்தால் வரப்பேறி ஓடிவருவார். “வேண்டாங்க சாமி” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். அலுத்துப்போய், தெரியாத நம்பரை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் மண்டிக்காரர் புது நம்பரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அப்பா எடுக்கவில்லை. பறித்து வைத்த பழம் இரண்டு நாள் கொட்டகையிலேயே கிடந்து கனிந்துபோனது. “ஏம்ப்பா எடுக்கல?” என்றேன். “லோன்காரன்னு நெனச்சுட்டேன்டா” என்றார். கூப்பன் கதையை அன்றைக்கும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அதன்பிறகுதான் 1909 என்ற எண்ணைத் தேடிப் பிடித்தேன். இலவச எண். ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி, இடம் விட்டு 0 போட்டு அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், எல்லா வகை விளம்பரத்தையும் நிறுத்தச் சொன்னதாக அர்த்தம். எந்த நம்பருக்கு வேண்டுமோ, அதிலிருந்தே அனுப்ப வேண்டும். ஸ்மார்ட்போன் தேவையில்லை, அப்பாவின் பட்டன் போனே போதும். “பேங்க் மெசேஜும் நின்னுடுமாடா?” என்று பயந்தார். நிற்காது. பணம் வரவு, ஓடிபி எல்லாம் வழக்கம்போல் வரும்.

தொல்லை குறைந்தது; அடியோடு நிற்கவில்லை. நாமே சம்மதம் கொடுத்த கம்பெனிக்கு இந்தப் பதிவு தடையாகாது. சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து திருட்டுத்தனமாகக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மீது அதே 1909-ல் புகார் கொடுக்கலாம். முன்பு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்ததை, 2025-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏழு நாளாக்கியது. இப்போது எஸ்எம்எஸ் அனுப்பியவரின் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒன்றும் வருகிறது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘ஜி’ என்றால் அரசுச் செய்தி.

இத்தனையும் ஓட்டைப் பானைக்கு அடைப்புதான். பானையில் ஓட்டை போட்டவன் நான். இப்போதெல்லாம் கடையில் “நம்பர் சொல்லுங்க சார்” என்றால், “நம்பர் இல்லாமலே பில் போடுங்க” என்கிறேன். மொபைல் நம்பரைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முதல் தடவை சொல்லக் கூச்சமாக இருந்தது. பில் என்னவோ வந்துவிட்டது.

கூப்பன் விஷயத்தைப் பிறகொரு நாள் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். “என் நம்பரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா” என்றார். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் இருப்பார். உங்கள் போனுக்கு முன்னால் அவருடையதிலிருந்து 1909-க்கு அனுப்புங்கள். அவரைக் கேட்டுவிட்டு.