ஐவேளைத் தொழுகையும் அடுப்படியும்

பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அய்யம்பாளையம். மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் மழை பொழிந்தால், இங்கே 74 அடி உயரமுள்ள மருதாநதி அணையில் நீர் பெருகும், தோப்புகள் தழைக்கும். ‘அய்யம்பாளையம் நெட்டை’ என்னும் தென்னை வகைக்குப் பெயர் தந்த மண் இது. ஆற்று நீரை நம்பி வாழும் ஊர்களுக்கு ஓர் அறிவு இயல்பாகவே உண்டு. நீர் குறைவாக உள்ளபோது அதனை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அது. இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறுத்து, மடையைத் திறந்து மூடுவதற்கென்றே ஒருவரை அமர்த்துவது தமிழகத்துப் பாசன ஊர்களின் பழைய வழக்கம்.

வயலுக்கு முறை வைக்கத் தெரிந்த நாம், இல்லத்தில் ஒருத்தியின் நேரத்துக்கு முறை வைத்தோமா? சிறு பிள்ளைகளைப் பெற்ற தாயின் பொழுது, மடையே இல்லாத வாய்க்காலைப் போன்றது. வேண்டியவர் வேண்டியபோது வெட்டிவிட்டுக்கொள்வர். பிள்ளை ஒரு பக்கம் வெட்டும். அடுப்பு ஒரு பக்கம் வெட்டும். விருந்தினர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். கடைமடையில் இருப்பவள் அவளே. அங்கே நீர் வந்து சேர்வதே இல்லை.

பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று, அங்கன்வாடி செல்லும் பிள்ளை ஒன்று, இடுப்பில் ஒன்று என மூவரை வைத்துக்கொண்டு இல்லம் நடத்தும் நமக்கு, பலரும் கூறும் அறிவுரை ஒன்று உண்டு: “எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்தால் வேலை எளிதாகிவிடும்.” சொல்வது எளிது. ஆறரைக்குக் குளிப்பாட்டு, ஏழுக்கு உணவு, ஏழரைக்குச் சீருடை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஆனால் கைக்குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இரவு முழுதும் காய்ச்சலில் அனத்திய பிள்ளை, விடிந்ததும் அட்டவணையை மதித்து எழுந்து நிற்பதில்லை. நிமிடக் கணக்கில் கட்டிய ஒழுங்கு, ஒரு குவளைப் பால் தரையில் கொட்டியதுமே உடைந்துபோகும். பிறகு அட்டவணை சுவரில் இருக்கும். மனவருத்தம் தாயிடம் இருக்கும்.

நிமிடத்தை நம்பாத வேறோர் ஒழுங்கு நம்மிடம் முன்பே இருக்கிறது. அதுதான் ஐந்து வக்து. தொழுகையின் வக்து என்பது ஒரு நொடியன்று. தொடக்கமும் முடிவும் உடைய ஓர் அகலம். லுஹரின் வக்து தொடங்கி அஸரின் வக்து வரும்வரை அதற்கு இடமுண்டு. முன்னேரத்தில் தொழுவது சிறப்பு. ஆயினும் அழும் பிள்ளையைத் தேற்றிவிட்டு வரும் தாய்க்கு வாயில் மூடப்படுவதில்லை. உறுதியும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும் என்னும் இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் இந்த முறையையே இல்லத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். எந்த வேலை எந்த இரண்டு பாங்குகளுக்கு இடையே முடிய வேண்டும் என்று மட்டும் வகுத்தால் போதும். மணியும் நிமிடமும் தாமே அமையும்.

நம் இல்லத்தில் நாள் தொடங்குவது சுபுஹில் அன்று, முந்தைய இஷாவில். மறுநாளைக்குரிய சீருடை, புத்தகப்பை, காலணி மூன்றும் வாயிலருகே ஒரே இடத்தில் வந்து சேர்ந்த பின்னரே விளக்கணைப்பது வழக்கம். காலையில் காணாமற்போவது எப்போதும் ஒற்றைக் காலணிதான் என்பதைப் பிள்ளை பெற்றவர் அறிவர். இட்டிலி மாவு வாரத்துக்கு இரண்டு முறை அரைக்கப்படுகிறது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம். முதல் இரு நாள்கள் இட்டிலி, மூன்றாம் நாள் தோசை, புளிப்பேறினால் வெங்காயம் நறுக்கிப் போட்டுப் பணியாரம். ‘நாளைக்கு என்ன?’ என்ற கேள்வி எழாமற்போவதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். சட்டினிக்கு நம் ஊரில் தேங்காய்க்கு என்ன குறை!

இந்த வசதியும் அண்மையில் வந்ததே. 1955ஆம் ஆண்டில் கோவையில் பி. சபாபதி அவர்கள் மாவரைக்கும் மின் எந்திரத்தை உருவாக்கும்வரை, ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து குழவி சுற்றியவை நம் பாட்டிமாரின் கைகளே. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, கிரைண்டர் வாங்க இயலாத பல இல்லங்களிலும் குழவிக்கு ஓய்வு கிடைத்தது.

சுபுஹுக்கும் பள்ளி மணிக்கும் இடைப்பட்ட பொழுதே மிகக் குறுகியது. அதில் சமையலைத் தவிர வேறெதையும் நுழைக்கலாகாது. துவைப்பது, பெருக்குவது, கடைக்கு ஆளனுப்புவது எல்லாம் பிள்ளைகள் வாயிலைத் தாண்டிய பின்னரே. இந்த நெருக்கடியை அரசும் உணர்ந்ததாகவே கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளையின் பசி தீர்க்க வந்த திட்டம் அது. ஆயினும், விடியற்காலையில் கூலி வேலைக்கோ காப்பிக்கொட்டை பொறுக்கவோ புறப்படும் தாயின் தோளிலிருந்து ஒரு சுமையையும் அது இறக்கி வைத்தது.

லுஹருக்குப் பின் ஓய்வு. இதனைச் சோம்பலென்று கருதுவோர் உளர். கைக்குழந்தை உறங்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் மூட்டைத் துணியையும் துவைத்துவிட வேண்டும், பரணையும் துடைத்துவிட வேண்டும் என்று நம் பெண்மக்கள் பரபரக்கின்றனர். திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 58ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். இல்லத்துச் சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டிய நேரங்களென மூன்றனை அது வகுக்கிறது: சுபுஹுத் தொழுகைக்கு முன்பு, ஆடை களைந்து ஓய்ந்திருக்கும் நண்பகல், இஷாத் தொழுகைக்குப் பின்பு. பெற்றோருக்குத் தனிமை வேண்டும், நடுப்பகலில் ஓய்வு உண்டு என்பதை இறைவேதமே கணக்கில் கொண்டிருக்கிறது. இரவில் இருமுறை எழுந்து பாலூட்டியவள் பகலில் கண்ணயர்வதற்கு எவரிடமும் சமாதானம் கூற வேண்டியதில்லை.

அஸருக்குப் பின் பிள்ளைகளின் பொழுது. விளையாட்டும் அப்போதே, வேலை பழகுவதும் அப்போதே. ஏழு வயதில் பிள்ளையைத் தொழுமாறு ஏவும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொழுகைக்குரிய ஒழுக்கத்தைத் தாங்கக்கூடிய வயதென்றால், தான் உண்ட தட்டைக் கழுவவும் தன் துணியை மடிக்கவும் அது தாங்காதா? ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? ஏழு வயது மகளின் கையில் துடைப்பம். ஏழு வயது மகனின் கையில் பந்து. மகனுக்கு வேலை பழக்காத தாய், இன்னொரு வீட்டு மகளுக்கு முப்பதாண்டுச் சுமையைச் சீதனமாக அனுப்புகிறாள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஓதலும் பாடமும் இரவுணவும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. அன்றைய வீண்பேச்சு திண்ணையில் இருந்தது. இன்று உள்ளங்கையில் ஒளிர்கிறது. அதனை அணைத்துவிட்டால் தாய்க்கு ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இவ்வாறெல்லாம் வகுத்துக்கொண்டாலும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. வேலையை எத்தனை அழகாக அடுக்கினாலும், அடுக்கப்படுவது ஒரே தலையின் மீதென்றால் பாரம் குறைவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதனை எண்களில் கூறுகிறது. ஊதியமின்றி வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். அவ்வேலையில் கைவைத்தவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் தந்தனர். இரண்டு பணியும் ஒருத்திக்கே வாய்த்தால் அவள் பொழுதில் ஏழு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர் வந்த பின்னும் நிலை இதுவே. எந்திரம் வேலையைக் குறைத்தது. வேலைக்குரியவர் இன்னார் என்னும் எண்ணத்தை அது மாற்றவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் பலரும் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றை எடுத்துக்கூறுவர். திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போன நிலையில் பணியாள் ஒருவரைக் கேட்கச் சென்ற தம் அருமை மகளுக்கு, படுக்கைக்குச் செல்கையில் ஓதும் தஸ்பீஹை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் நம் பெண்கள் 33, 33, 34 என்று எண்ணி ஓதிக்கொண்டே கண்ணுறங்குகின்றனர். அந்த ஓதல் களைப்புக்கு மருந்தென்பதில் ஐயமில்லை. ஆனால் ‘பொறுத்துக்கொள்’ என்று மனைவியிடம் கூறுவதற்கு மட்டும் இவ்வரலாற்றைப் பயன்படுத்தும் ஆடவர், அதே நபிகளாரின் இல்லத்தைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை ஏனோ மறந்துவிடுகின்றனர். இல்லத்தில் நபிகளார் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே அன்னையார் விடை பகர்ந்தார்கள். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும் ஹதீஸ்கள் எடுத்துரைக்கின்றன. பணி செய்த பெண்ணுக்குத் தஸ்பீஹும் ஸுன்னத்து. பணியில் பங்கேற்பதும் ஸுன்னத்து. ஒன்றைப் பெண்ணிடம் தந்துவிட்டு மற்றதை ஏட்டில் விட்டுவைப்பது நீதியாகுமா?

மார்க்கச் சட்ட நூல்களின் நிலையும் எண்ணத்தக்கது. சமையல் முதலான வீட்டு வேலையை மனைவியின் சட்டக் கடமையாக ஷாஃபிஈ மத்ஹபு வகுக்கவில்லை. ஹனஃபி மத்ஹபு அதனை மார்க்கப் பொறுப்பாகக் கருதினும், வழக்காடி வற்புறுத்தத் தக்கதாக்கவில்லை. அவள் செய்வது பெரிதும் அன்பினால் செய்வது. அன்பினால் வருவதற்கு நன்றி கூறுவதும் கைகொடுப்பதும் அன்றோ முறை! பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொப்பிக் கலந்து பேசி முடிவு செய்யுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வழிகாட்டுகிறது. தாயின் மடிக்கே உரிய செயலிலும் தந்தையைக் கலந்துகொள்ளச் சொல்லும் மார்க்கம், தட்டுக் கழுவுவதிலா அவரை விலக்கி வைக்கும்?

பகிர்ந்துகொள்ள நம் சமுதாயத்துக்குத் தெரியாததன்று. ரமளான் மாதத்தைப் பாருங்கள். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. கிளறுபவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் ஆண்களே. அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர் நம் பிள்ளைகள். நோன்பு நோற்ற தாய் மாலையில் கஞ்சிக்கென அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. முப்பது நாள்கள் அழகாக நடைபெறும் ஒன்று, எஞ்சிய பதினோரு மாதங்களில் அவமானமாகத் தோன்றுவது ஏன்? தேக்சாவைக் கழுவும் கைக்கு இல்லத்துச் சட்டியைக் கழுவுவதால் என்ன குறைவு வந்துவிடும்?

ஆகவே, இல்லத்துக்கு முறை வைப்பதென்றால் வேலைக்கு நேரம் குறிப்பதோடு நிற்கலாகாது. வேலைக்கு ஆளும் குறிக்க வேண்டும். நம் இல்லத்தில் சுபுஹுக்குப் பின் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டுவது அவர்களின் அத்தாவின் பொறுப்பு. தோப்பில் காய் வெட்டும் நாள்களில் அவர் முன்னரே புறப்பட நேரும். அன்று அப்பொறுப்பு மாறும். இரவில் மூத்தவனின் பாடம் அவரைச் சேரும். மஃரிபுக்குப் பின் கைக்குழந்தை மாமியாரின் மடியில். இன்று எவர் முறை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ‘அம்மா’ என்ற ஒரே அழைப்பு, இரண்டு மூன்று பெயர்களாகப் பிரிந்துபோனதில் வீட்டின் இரைச்சலே பாதியாகக் குறைந்துவிட்டது.

இவ்வாறு மிச்சப்படும் பொழுது எதற்கு என்று வினவலாம். இன்னொரு வேலைக்கு அன்று. அவள் பதறாமல் ஸஜ்தாவில் நெற்றி வைப்பதற்கு; திருமணத்தோடு மூடிவைத்த நூலைத் திறப்பதற்கு; ஒன்றும் செய்யாமல் மலையை நோக்கி அமர்ந்திருப்பதற்கு. நீட்டித் தொழ எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒரு தாயின் மனநிலைக்காக ஜமாஅத்து முழுவதன் பொழுதும் அன்று மாற்றி அமைக்கப்பட்டது. நம் இல்லத்து ஆடவர்களிடம் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

தாய்மாரின் பொழுதிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களின் சுமையில் பங்கேற்கும் மனத்தை நம் இல்லத்தார் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.