பழுவூரில் ஒரு காதுகுத்து

கல்லக்குடி தாண்டியதும் சாலையோரம் வெளுக்கத் தொடங்கிவிடும். தார்ப்பாய் மூடிய சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கருவேல மரங்களின் இலைகூடச் சாம்பல் நிறத்தில் இருக்கும். திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய என் தங்கை குடும்பத்தை அந்தச் சாலை வழியாகத்தான் கீழப்பழுவூருக்கு அழைத்துப் போனேன். நியூஜெர்சியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளைக்குப் பழுவூர் சொந்த ஊர். பின்சீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே குழந்தைகள்: அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு.

கல்லக்குடிக்கு டால்மியாபுரம் என்று பெயர் வைத்ததை எதிர்த்து 1953இல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த கதையை மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு வந்தார். "பேரை மாத்தினா சண்டை போடலாமாப்பா?" என்று கேட்டாள் பெரியவள். போடலாம் என்றார் அவர். தத்தெடுக்கும்போதே இரண்டு பேருடைய பெயரையும் மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள் என் தங்கை. அந்தப் பெயர்களையும் அவர்கள் இருந்த இல்லத்தின் பெயரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் எழுத எனக்கு மனம் வராது.

இருவரும் தமிழ்நாட்டில் வேறொரு மாவட்டத்துக் குழந்தைகள். நாடு கடந்த தத்தெடுப்பு என்பதால் 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி எல்லாம் நடக்க வேண்டும். இந்தியா அதை 2003இல் ஏற்றது. அங்கே சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து சம்பளத்திலிருந்து சண்டை சச்சரவு வரை விசாரித்து எழுதும் அறிக்கை, இங்கே மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று, அதன்பின் ஆணை. முன்பு நீதிமன்றம் தந்த அந்த ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் தருகிறார். அமெரிக்க அரசுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி விண்ணப்பம் போட வேண்டும். கூடப் பிறந்தவர்கள் என்றால் இரண்டாவதற்குக் கட்டணம் இல்லை என்று தெரிந்த அன்று என் தங்கை போனில் அழுதாள். பணத்துக்காக அல்ல. இந்த இரண்டு பேரையும் பிரிக்கக் கூடாது என்று எங்கோ ஒரு அலுவலகமும் நினைத்திருக்கிறதே என்று.

இந்தியாவில் 2024-25ஆம் ஆண்டில் 4,515 குழந்தைகள் தத்துப் போனார்கள். காத்திருக்கும் பெற்றோர் இதைப்போலப் பல மடங்கு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தை. ஏழு வயதுப் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் வரிசை சட்டென்று கலைந்துவிடுகிறது. ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது விதி. பெரியவளிடம் கேட்டார்கள். தம்பிக்கும் அங்கே கட்டில் இருக்கிறதா என்று மட்டும் அவள் திருப்பிக் கேட்டாளாம். வீடியோ அழைப்பில் மாப்பிள்ளை இரண்டு கட்டில்களையும் காட்டினார்.

தங்கை பயந்ததையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காகிதத்துக்கும் மூலம் எங்கே, யார் கையெழுத்து, எந்தத் தேதி என்று அவள் துளைத்தெடுத்தாள். துளைக்கத்தான் வேண்டும். வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, 1984இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. அதற்குப் பிறகும் சென்னையில் ஏழைகளின் தெருக்களிலிருந்து குழந்தைகளைத் திருடிப் போலி ஆவணங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பியது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. இலங்கையிலிருந்து 1980களில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளில் பலருக்கு, பெற்றவள் என்று கையெழுத்திட்டவள் பெற்றவளே அல்ல. நெதர்லாந்து அமைத்த விசாரணைக் குழு இதையெல்லாம் எழுதியபின் 2021 பிப்ரவரியில் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. ஒரு பிள்ளை நமக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில், அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்காமல் இருப்பது பெரிய பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

பழுவூரில் மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தைகளுக்கு அவர் அப்பாயி. முதலில் இதற்குச் சம்மதிக்காதவரும் அவர்தான். "எடுக்குறதுதான் எடுக்குற, பச்ச மண்ணா எடுத்தா அதுக்கே தெரியாம வளக்கலாமே" என்றார் அப்போது. இந்த ஊர்ப்பக்கம் குழந்தையை விட்டுக்கொடுப்பதும் எடுத்துக்கொள்வதும் காதும் காதும் வைத்தாற்போல் நடந்து பழகியவை. வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுப் போக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் வந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அப்பாயியின் தலைமுறை பார்த்ததெல்லாம் அதுதான்.

ஆனால் இந்த இரண்டு பேரிடம் எதை மறைப்பது? பெரியவளுக்குப் பழைய வீட்டின் திண்ணை ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் இருமல் ஞாபகம் இருக்கிறது. மறைக்க முடியாது என்பதே இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை. மதியச் சாப்பாட்டின்போது அப்பாயி ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் கையில் வைத்தார். அவள் அதை வாங்கித் தம்பி கையில் வைத்தாள். அடுத்த உருண்டை வந்தது. அதையும் நசுக்கிப் பார்த்து, மிளகை எடுத்துப் போட்டுவிட்டு, அவனுக்கே கொடுத்தாள். "நீ சாப்பிடும்மா, அவனுக்கு நான் தரேன்" என்று தங்கை சொல்ல வாயெடுத்தாள். அப்பாயி கண்ணாலேயே தடுத்துவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு உருண்டை உருட்டி ஒரே சமயத்தில் இருவருக்கும் நீட்டினார். அப்புறம்தான் அவள் வாயில் சோறு போனது. அங்கே இரண்டு வருஷமாகச் சமூகப் பணியாளரோடு பேசிப் பேசிச் செய்ய முயன்றதும் இதுதான் என்றாள் தங்கை பிறகு.

சாயங்காலம் ஆலந்துறையார் கோயிலுக்குப் போனோம். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகத்தில் மலையாளத்தார் இங்கே வந்து வழிபடுவதைச் சொல்லியிருக்கிறார். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த, பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர்கள் சேர மரபில் வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இதோடு சேர்ந்து போகிறது. எங்கிருந்தோ வந்தவர்கள்தான் இந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றிருக்கிறார்கள். அருந்தவநாயகி சன்னிதியில் குருக்கள் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார். பையனுடைய பிறந்த தேதி மருத்துவர் பல்லையும் எலும்பையும் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. தெரியாது என்றாள் தங்கை, குரலைத் தாழ்த்தாமல். "சுவாமி பேருக்கே பண்ணிடலாம்மா" என்று அவர் தட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வந்தபோது மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவுப் பெரியவர் ஒருவர், "புள்ளைங்க என்ன ஆளுங்கப்பா?" என்று கேட்டார். "நம்ம வூட்டு ஆளுங்க" என்று அப்பாயி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் ஊருக்கு வெளியே குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் நான், சீர்த்தட்டுகள் என்னுடையவை, மடியும் என்னுடையது. சின்னவனை உட்காரவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சந்தனம் பூசிய தலை என் மார்பில் இடித்துக்கொண்டே இருந்தது. ஊசி இறங்கியதும் ஊரே கேட்கக் கத்தினான். அடுத்து அக்கா. ஆசாரி அவள் காது மடலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "பாப்பாவுக்கு ஏற்கெனவே குத்தி, தூந்துபோயிருக்கே சார்" என்றார்.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒரு மாமன், எங்கோ ஒரு கோயிலில், என்னைப் போலவே தட்டு வைத்து, இவளை மடியில் வைத்திருக்கிறான். தம்பிக்கு அது நடப்பதற்குள் அந்த வீடு குலைந்துபோயிருக்கிறது. "அந்த மாமா எனக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்தாங்க" என்றாள் அவள், மிகச் சாதாரணமாக. "இவனுக்கும் வாங்கணும்." ஆசாரி என்னைப் பார்த்தார். பழைய துளையிலேயே போடச் சொன்னாள் தங்கை.

வேரைத் தேடும் உரிமை அவளுக்கு உண்டு. பதினெட்டு வயதானால் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் என்றால் பெற்றோரோடு சேர்ந்து. பெற்றவர்கள் வேண்டாம் என்றால் பெயர் சொல்ல மாட்டார்கள் என்பதையும் தங்கை அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று என அனுப்ப வேண்டிய அறிக்கைகள் எல்லாம் போய் முடிந்துவிட்டன. இனி அரசாங்கம் எதுவும் கேட்காது. கேட்கப்போகிறவள் இவள்தான். அதற்காகவே ஆட்சியரின் ஆணையிலிருந்து இல்லத்தில் தடுப்பூசி போட்ட சீட்டுவரை எல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்த நாள் அவர்கள் வளர்ந்த இல்லத்துக்குப் போக வண்டி சொல்லியிருந்தோம். போகும் வழியில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பெரிய சங்குக் கல்லைக் காட்டுவதாகச் சின்னவனுக்கு வாக்கு. பெரியவள் இரவு உட்கார்ந்து, கேட்க வேண்டியதை எழுதினாள்: சமையல் செய்த ஆயாம்மா இருக்காங்களா, வேப்பமரம் இருக்கா, எங்களைக் கூட்டிவந்தது யார்.